முல்லைக்கு அளவு புரிந்த இரவுகள்

முல்லையின் எடை 10 கிராம். இரண்டு தேக்கரண்டி சர்க்கரையைத் தராசில் வைத்தால் ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். அந்தச் சிறிய உயிருக்கு ‘இது பெரியது, இது சிறியது’ என்ற ஒரே ஒரு பாடத்தைக் கற்பிக்க எனக்கு ஏழு மாதங்கள் ஆயின. முதல் மூன்று மாதங்களில் அவள் கற்றுக்கொண்டது முற்றிலும் வேறொரு பாடம். அதை நான் கண்டுபிடித்த விதத்தையும், பிறகு அவள் உண்மையாகவே அளவைக் கற்றபோது என்ன நடந்தது என்பதையும் எழுதி வைக்க வேண்டும் என்று நீண்ட நாட்களாக நினைத்திருந்தேன். விலங்கு நடத்தையைப் படிக்கப் போகும் நம் பிள்ளைகளில் யாருக்காவது மூன்று மாதம் மிச்சமானால் மகிழ்ச்சி.

நான் மதுரைக்கு அருகே வளர்ந்தவள். எனக்குத் தெரிந்த வௌவால்கள் கோயில் மண்டபத்து இருட்டில் தொங்கியவை. அவற்றின் எச்ச நாற்றத்தோடுதான் எங்கள் ஊர்க் கோயிலின் உட்பிராகாரம் என் நினைவில் இருக்கிறது. விலங்கியலில் முதுகலை முடித்துவிட்டுத் தெற்கு ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு மாணவியாகப் போனபோது, வௌவாலைப் பற்றிப் படிக்க இவ்வளவு தூரம் போக வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் மாரிமுத்துவும் ஜெர்மானிய அறிஞர் கெர்ஹார்ட் நாய்வைலரும் சேர்ந்து, நம் ஊர்ப் பொய் வாம்பயர் வௌவால் இரையின் அசைவு எழுப்பும் ஓசையைக் கேட்டே அதைப் பிடிக்கிறது என்று 1987-ல் எழுதினார்கள். அதே இனம் தன் குரலின் எதிரொலியை மட்டும் கொண்டு வழவழப்பான பரப்பையும் சொரசொரப்பான பரப்பையும் பிரித்தறிகிறது என்று சபீனே ஷ்மிட் 1988-ல் காட்டினார். மதுரைக்கும் ஜெர்மனிக்கும் இடையே வௌவால்கள் வழியாக ஒரு பழைய உறவு உண்டு. அந்த வழியில்தான் நானும் போனேன்.

ஆனால் எனக்குக் கிடைத்தவை நம் ஊர் வௌவால்கள் அல்ல. மத்திய அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் வாழும் தேனுண்ணி வௌவால்கள். அறிவியல் பெயர் குளோசோஃபாகா சோரிசினா. ஆய்வகத்திலேயே பல தலைமுறைகளாகப் பிறந்து வளர்ந்தவை. பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று, நீண்ட நாக்கை நீட்டித் தேனை எடுத்துக்கொண்டு ஒரு நொடிக்குள் விலகிவிடும். ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஏழாம் எண்ணுக்கு நான் முல்லை என்று பெயர் வைத்தேன். பயிற்சிக்கு அவளோடு இன்னும் மூன்று பேர்.

வௌவாலுக்குக் கண் தெரியாது என்பது தவறு. இந்த இனத்துக்குக் கண் தெரிவது மட்டுமல்ல, மனிதக் கண்ணுக்குப் புலப்படாத புறஊதா ஒளியும் தெரியும். 2003-ல் இது நேச்சர் இதழில் வெளியாயிற்று. ஆகவே எதிரொலியைப் பற்றி ஆராய வேண்டுமானால் அறை முழு இருட்டாக இருக்க வேண்டும். கருவிகளில் மினுக்கும் சிறு விளக்குகளை எல்லாம் கறுப்பு நாடா ஒட்டி மறைத்தோம். அகச்சிவப்புக் கேமராவின் வழியாக மட்டுமே அவளைப் பார்த்தேன். பகலை இரவாக்கும்படி விளக்குகளைத் திருப்பி வைத்திருந்ததால், காலை பத்து மணிக்கு அவளுக்கு அந்தி சாயும்.

பாடம் இதுதான். சுவரில் நான்கு இடங்கள். அவற்றில் இரண்டில், தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்க்காமல் பக்கவாட்டில் பதித்ததுபோல, வாய் வெளியே பார்க்கும் அரைக்கோளக் கிண்ணங்கள். ஒன்றின் குறுக்களவு 60 மில்லிமீட்டர், மற்றது 30. பெரிய சிரட்டைக்குக் கீழே உள்ள குழாயில் மூக்கை வைத்தால் ஒரு சொட்டுச் சர்க்கரைத் தண்ணீர். சிறியதில் ஒன்றும் இல்லை. நான்கு வௌவால்களில் இரண்டுக்கு இதைத் தலைகீழாக்கி, சிறியதையே சரியான விடையாக வைத்தோம். இது அவசியம். பெரிய பொருளின் எதிரொலி இயல்பாகவே உரத்தது. அது தானாகவே வௌவாலை இழுக்கக்கூடும். எல்லோருக்கும் பெரியதையே சரி என்று வைத்தால், கற்றதையும் கவர்ச்சியையும் பிரிக்க முடியாமல் போய்விடும். முல்லைக்குப் பெரியது சரி.

குழாயில் தேன் இருக்கிறது என்பதை அவள் ஒரே இரவில் கற்றாள். அடுத்த நாளே ஒரு தடை வந்தது. எந்தக் குழாயில் கடைசியாகச் சொட்டுக் கிடைத்ததோ, அந்த இடத்துக்கே திரும்பத் திரும்பப் போனாள். சிரட்டையை எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் பழைய இடத்துக்கே பறந்தாள். இதைப் பிடிவாதம் என்று நினைப்பது தவறு. காட்டில் பூ நடந்து போவதில்லை. நேற்று தேன் தந்த கொம்பு இன்றும் அங்கேதான் இருக்கும். இந்த வௌவால்கள் பூவின் தோற்றத்தைவிட அதன் இடத்தையே முதலில் நம்புகின்றன என்பது ஏற்கெனவே பதிவான செய்தி. நான் படித்ததுதான், ஆனாலும் கண்முன்னே பார்த்தபோதுதான் அதன் வலிமை புரிந்தது. ஒவ்வொரு வருகைக்குப் பிறகும் சிரட்டைகளின் இடத்தை மாற்றத் தொடங்கினோம். இடம் பயன் தராது என்று தெரிந்துகொள்ள அவளுக்குப் பதினோரு இரவுகள் பிடித்தன.

இன்னொன்றையும் அப்போது கற்றேன். தவறான குழாய்க்குப் போவதால் அவளுக்கு எந்த நட்டமும் இல்லை. ஒரு நொடி அந்தரத்தில் நின்றுவிட்டு அடுத்ததற்குப் போனால் போதும். இரண்டையும் தொட்டுப் பார்ப்பதே அவளுக்கு மலிவான வழி. தவறுக்கு விலை இல்லாத இடத்தில் யாரும் யோசித்துத் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். ஆகவே தவறான குழாயைத் தொட்டால் இருபது நொடிகளுக்கு இரண்டு குழாய்களும் மூடிக்கொள்ளும்படி அமைத்தோம். சொட்டின் அளவையும் குறைத்தோம். பெரிய சொட்டுக் கொடுத்தால் விரைவில் வயிறு நிறைந்து, கூரையில் போய்த் தொங்கிவிடுவாள். ஆனால் பட்டினி போட்டுப் பயிற்சி கொடுக்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். இவை குடித்த சர்க்கரையை உடனுக்குடன் எரித்து வாழும் உயிர்கள். ஓர் இரவு உணவு தவறினாலே ஆபத்து. தினமும் துணிப்பையில் வைத்து எடை பார்ப்போம். எடை சற்றுக் குறைந்தாலும் அன்று பாடம் இல்லை, உணவு மட்டும்தான்.

டிசம்பர் முடிவில் முல்லை 100-க்கு 86 தடவை சரியான சிரட்டைக்குப் போனாள். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன்.

“அம்மா, என் வௌவாலுக்குப் பெரியது எது, சிறியது எது என்று தெரிந்துவிட்டது.”

“காதால் கேட்டா கண்டுபிடிக்கிறது?”

“ஆமாம்.”

“அது எப்படியடி அளவைக் கேட்க முடியும்?”

அம்மா கேட்டதற்கு அன்று புத்தகத்தில் இருந்ததைச் சொன்னேன். உண்மையில் முல்லை அளவைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

ஜனவரியில் ஒரு காலை. ஆய்வகத்தில் விலங்குகளைப் பராமரிக்கும் அம்மையார், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்த வேலையில் இருப்பவர், குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைக் கூப்பிட்டு இரண்டு குழாய்களை நீட்டினார்.

“இது பிசுபிசுக்கிறது. இது சுத்தமாக இருக்கிறது. தினமும் இப்படித்தான் இருக்கின்றன. உங்களுக்குத் தெரியுமா?”

எனக்குத் தெரியாது. சிரட்டையும் அதன் குழாயும் ஒரே சட்டத்தில் பொருத்தப்பட்டவை. இடம் மாற்றும்போது இரண்டையும் சேர்த்தே மாற்றினோம். அதாவது பெரிய சிரட்டையின் குழாயில் எப்போதும் சர்க்கரைத் தண்ணீர். சிறியதன் குழாய் எப்போதும் காலி. ஒன்றின் முனையில் சர்க்கரை வாசமும், சில வேளை ஒரு துளியும் தங்கியிருந்தன. மற்றதில் எதுவும் இல்லை.

அன்றே சோதித்துப் பார்த்தேன். இரண்டு சிரட்டைகளையும் 60 மில்லிமீட்டரில் ஒரே அளவாக வைத்தேன். ஒன்றின் குழாயில் சர்க்கரைத் தண்ணீர், மற்றது காலி. அளவை வைத்துத் தேர்ந்தெடுப்பவளாக இருந்தால் முல்லைக்கு இப்போது வேறுபாடே தெரியக்கூடாது. பாதிக்குப் பாதிதான் வர வேண்டும். 50-க்கு 41 தடவை சர்க்கரை இருந்த குழாய்க்கே போனாள்.

மூன்று மாதப் பதிவேடுகள் என் மேசைமேல் இருந்தன. அன்று மாலை நெடுநேரம் வெளியே பனியில் நடந்தேன். முல்லையின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்ல வேண்டும். தேன் இருக்கும் இடத்தை மோந்து கண்டுபிடிப்பதுதானே அவள் பிழைப்பு? நான் திறந்து வைத்த கதவுகளில் மிக அகலமான கதவு வழியாக அவள் நுழைந்தாள். கேள்வியைத் தவறாகக் கேட்டவள் நான்.

மறுநாள் சிரட்டையையும் குழாயையும் பிரித்தோம். எந்தச் சிரட்டையையும் எந்தக் குழாயின் மேலும் பொருத்தலாம் என்று ஆக்கினோம். இரண்டு குழாய்களிலும் ஒரே சர்க்கரைத் தண்ணீர். மூக்கு வந்து அகச்சிவப்புக் கதிரை மறித்த பிறகுதான், சரியான குழாயின் அடைப்பிதழ் மட்டும் திறக்கும். சிரட்டைகளை எல்லாம் ஒரே சாராயக் கரைசலில் துடைத்தோம். ஒவ்வோர் அளவிலும் ஆறு சிரட்டைகள் செய்து, மாற்றி மாற்றி வைத்தோம். ஒரே சிரட்டையில் உள்ள கீறலையோ மணத்தையோ அடையாளம் வைத்துக்கொள்ளக் கூடாது அல்லவா? வைக்கும் ஒழுங்கைக் கணினி தீர்மானித்தது. பயிற்சி நேரத்தில் நான் அறைக்குள் நிற்பதையும் விட்டுவிட்டேன். என் மூச்சும் திரும்பி நிற்கும் விதமும்கூட அவளுக்குக் குறிப்பாகலாம்.

முல்லையின் தேர்ச்சி மறுநாளே 100-க்கு 49 ஆயிற்று.

அடுத்த ஒன்பது இரவுகளிலும் அப்படியே. பிறகு 57. பிறகு 55. பிறகு 63. இந்த எண்களைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது கேமராவில் கண்ட காட்சி. பழைய பதிவுகளில் அவள் நேராக வந்து ஒரு குழாயில் மூக்கை வைப்பாள். சில வேளை கடைசி நொடியில், வாசம் எட்டும் தூரத்தில், திரும்பிவிடுவாள். இப்போது அவள் இரண்டு சிரட்டைகளுக்கும் நடுவே, ஏறத்தாழ அரை மீட்டர் தள்ளி, அந்தரத்தில் நின்றாள். தலையை இடப்பக்கம் திருப்பினாள். மனிதக் காதுக்கு எட்டாத மீயொலியைப் பிடிக்கும் ஒலிவாங்கியில் ஒரு கொத்துக் குரல்கள் பதிவாயின. வலப்பக்கம் திருப்பினாள். இன்னொரு கொத்து. மறுபடி இடப்பக்கம். அதன்பிறகே போனாள். ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். தேர்ச்சி 60-க்குள் இருந்தபோதே இந்தத் திருப்பம் தெரிந்தது. அன்றிலிருந்து எந்த விலங்கின் பயிற்சியிலும் நான் முதலில் பார்ப்பது அது எப்படி முடிவெடுக்கிறது என்பதைத்தான். எத்தனை தடவை சரியாக வந்தது என்ற எண்ணிக்கை அதற்குப் பிறகுதான். மூன்று மாதமும் நான் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நேராக வந்து குழாயைத் தொட்ட அந்த நடையே ‘நான் சிரட்டையைப் பார்க்கவில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படி நின்று ஒப்பிடும்போது அவள் காதில் என்னதான் விழுகிறது?

முதலாவது, ஓசையின் உரம். பெரிய பொருள் அதிக ஒலியைத் திருப்பி அனுப்பும். ஓர் உருண்டையின் ஆரத்தை இரட்டிப்பாக்கினால் எதிரொலியின் அழுத்தம் இரட்டிக்கும். டெசிபல் கணக்கில் 6 கூடும். கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இந்தக் குறிப்பு ஏமாற்றும். எதிரொலி தூரத்தோடு வேகமாகத் தேய்கிறது. ஒரு சிறு பொருளிலிருந்து வரும் எதிரொலியின் அழுத்தம் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 50 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் ஓர் உருண்டையும், 71 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும் அதைப்போல் இரு மடங்கு பெரிய உருண்டையும் ஏறத்தாழ ஒரே உரத்தில் பதில் சொல்லும். உரத்தை மட்டும் நம்பினால் அருகிலுள்ள சிறியதும் தள்ளியுள்ள பெரியதும் ஒன்றாகிவிடும்.

தூரத்தை வௌவால் நன்றாகவே அறியும். குரல் கொடுத்ததற்கும் எதிரொலி வந்ததற்கும் இடையே உள்ள நேரமே தூரம். 50 சென்டிமீட்டருக்குப் போய்த் திரும்ப ஒலி எடுத்துக்கொள்வது சுமார் 2.9 மில்லிநொடி. இந்த நேரத்தையும் உரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் அளவு கிடைத்துவிடும் என்றுதான் நாம் நினைப்போம். ஆனால் இங்கே ஒரு வியப்பான செய்தி உண்டு. மியூனிக்கில், இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறோர் இனத்தை வைத்து 2013-ல் ஓர் ஆய்வு செய்தார்கள். ஒலிபெருக்கிகளால் கற்பனைப் பொருள்களை உருவாக்கி, எதிரொலி எவ்வளவு அகலமான கோணத்திலிருந்து வருகிறது என்பதை வௌவால்களுக்குக் கற்பித்தார்கள். கோணத்தை அவை நன்றாகப் பிரித்தறிந்தன, தூரத்தையும் பிரித்தறிந்தன. ஆனால் இரண்டையும் தாமாகச் சேர்த்து ‘இதன் உண்மையான அகலம் இவ்வளவு’ என்ற முடிவுக்கு வரவில்லை. நம் கண் இதை ஒவ்வொரு கணமும் செய்கிறது. தெருக்கோடியில் வரும் பஸ் விரலளவு தெரிந்தாலும் அது பஸ் அளவுதான் என்று நமக்குத் தெரியும். பழகிய பொருளாக இருந்தால் வௌவாலும் அப்படிச் செய்யக்கூடும் என்று அந்த ஆய்வாளர்களே ஒரு வாய்ப்பைச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கருத்தில்தான் நம்பிக்கை. முல்லை சிரட்டையோடு பழகிய இரவுகளைப் பார்த்ததால் வந்த நம்பிக்கை அது.

சிரட்டைக்கு இன்னொரு குணம் உண்டு. அது உருண்டைக்குக் கிடையாது. ஒலியின் ஒரு பகுதி சிரட்டையின் விளிம்பில் பட்டுத் திரும்புகிறது. இன்னொரு பகுதி அடிக்குழியில் பட்டுச் சற்றுத் தாமதமாகத் திரும்புகிறது. 60 மில்லிமீட்டர் சிரட்டையில் ஆழம் 3 சென்டிமீட்டர். ஆகவே தாமதம் சுமார் 175 மைக்ரோநொடி. 30 மில்லிமீட்டர் சிரட்டையில் அதில் பாதி. இரண்டு எதிரொலிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சில அலைவரிசைகள் வலுக்கின்றன, சில அணைந்துபோகின்றன. அணையும் இடங்கள் சிரட்டையின் ஆழத்தைப் பொறுத்து மாறும். அதாவது ஒவ்வோர் அளவுக்கும் எதிரொலியில் ஒரு தனி நிறம். சின்னக் குடத்தையும் பெரிய குடத்தையும் சுண்டிப் பார்த்தால் ஓசை வேறாகக் கேட்பதைப் போன்றது என்று அம்மாவுக்கு விளக்கினேன். முழுக்கப் பொருந்தும் உவமை அல்ல. ஆனால் அம்மா உடனே பிடித்துக்கொண்டார். தூரம் மாறினாலும் இந்த நிறம் மாறாது. அந்தரத்தில் நின்று தலையைத் திருப்பித் திருப்பி முல்லை தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

காட்டில் இந்த அறிவுக்கு நேரடிப் பயன் உண்டு. கியூபாவில் மார்க்கிராவியா எவினியா என்ற கொடி, தன் பூங்கொத்துக்கு மேலே கிண்ணம் போன்ற ஓர் இலையை நிமிர்த்திப் பிடிக்கிறது. அந்த இலை எந்தக் கோணத்திலிருந்தும் வலுவான, மாறாத எதிரொலியைத் தருகிறது. அந்த இலை இருந்தால் தேனுண்ணி வௌவால் பூவைத் தேடும் நேரம் பாதியாகக் குறைகிறது என்று 2011-ல் காட்டினார்கள். ஆயிரக்கணக்கான இலைகளின் இரைச்சலுக்கு நடுவே ‘இதுதான் என் கிண்ணம்’ என்று கண்டுகொள்வது அந்த உயிருக்கு அன்றாடச் சோறு. முல்லையின் இனம் வெவ்வேறு அளவுள்ள பொருள்களிலும் ஒரே வடிவத்தை அடையாளம் காண்கிறது என்பதை டாக்மார் ஃபொன் ஹெல்வர்சன் 2004-லேயே எழுதியிருக்கிறார். ஆக, ‘கிண்ணம்’ என்ற வடிவமும் ‘பெரிய கிண்ணம்’ என்ற அளவும் அதன் மனதில் தனித்தனியாக இருக்க முடியும்.

மார்ச் முடிவில் முல்லை 100-க்கு 84. இம்முறை ஒரே அளவுச் சிரட்டைகளை வைத்துச் சோதித்தபோது 50-க்கு 26. அந்த 26-ஐப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை 84 தரவில்லை. சிறியதைச் சரி என்று கற்ற இரண்டு வௌவால்கள் மேலும் மூன்று வாரங்கள் எடுத்துக்கொண்டன. நான்கு பேரை மட்டும் வைத்து விதி எதுவும் சொல்ல மாட்டேன். எங்கள் அறையில் அப்படி நடந்தது.

பிறகு வேறுபாட்டைக் குறைத்துக்கொண்டே போனோம். இதில் அவசரம் கூடாது என்பதை அனுபவத்தில் கண்டேன். 60-க்கு எதிராக 30-ஐ நன்றாகத் தெரிந்துகொண்டவள், ஒரே தாவலில் 54-ஐக் கொடுத்தபோது தடுமாறினாள். தடுமாறியதோடு நிற்கவில்லை, பழையபடி இடத்தை நம்பத் தொடங்கிவிட்டாள். அளவு பயன் தரவில்லை என்றால் கைவசமுள்ள பழைய உபாயத்துக்குத் திரும்புவது இயல்புதானே. இரண்டு இரவுகள் 30-க்கே திரும்பிப் போய், அவளுடைய நம்பிக்கையை மீட்டுக்கொண்டு, பிறகு 40, 44, 48 என்று படிப்படியாக ஏறினோம். ஒவ்வோர் இரவிலும் முதல் பத்து வருகைகளுக்கு எளிய இணையைக் கொடுத்தோம், கடினமானவை நடுவில், கடைசியில் மறுபடி எளியவை. இந்த ஒழுங்கு வந்த பிறகு அவள் பாதியில் கூரைக்குப் போய்விடுவது நின்றது.

சிரட்டைகளின் அளவை இந்த வௌவால்கள் எவ்வளவு நுட்பமாகப் பிரித்தறியும் என்பதை 2006-ல் ரால்ஃப் சைமனும் உடன் ஆய்வாளர்களும் அளந்தார்கள். தேவைப்படும் வேறுபாடு இத்தனை மில்லிமீட்டர் என்று நிலையாக இல்லை. ஏறத்தாழ 16 சதவீதம் என்ற விகிதமே நிலையாக இருந்தது. எங்கள் அறையிலும் ஏறக்குறைய அந்த எல்லையில்தான் முல்லை தளர்ந்தாள். 60-க்கு 50-ஐப் பிரித்தவளுக்கு 54 கலங்கலாகிவிட்டது. 30 மில்லிமீட்டர் சிரட்டைகளிலோ 5 மில்லிமீட்டர் வேறுபாடே போதுமாக இருந்தது. அம்மாவுக்கு இது ஒரு செய்தியே இல்லை. “எலுமிச்சம்பழத்தில் ஒரு விரற்கடை கூடினால் கூடையிலேயே தெரியும். பூசணிக்காயில் யாருக்குத் தெரியும்?” என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் லைப்சிக் நகரில் உடலியல் அறிஞர் எர்ன்ஸ்ட் வேபர் எடைக்கற்களைத் தூக்கச் சொல்லிக் கண்டறிந்த விதியும் அதுதான்.

கடைசியாக ஒரு சோதனை. பெரிய சிரட்டையின் உட்புறத்தில் மெல்லிய கம்பளித்துணியை ஒட்டினேன். அளவு அதேதான், எதிரொலி மட்டும் மங்கும். முல்லை வந்தாள், நின்றாள், திருப்பித் திருப்பிப் பார்த்தாள், ஒன்றையும் தொடாமல் போய்விட்டாள். மறுபடி வந்தாள். அன்று அவள் எடுத்த முடிவுகளில் எந்த ஒழுங்கும் இல்லை. ஒரு வௌவாலின் ஓர் இரவை வைத்து நான் எதையும் நிறுவ முடியாது. ஆனால் டெல் அவிவில் நடந்து 2020-ல் வெளியான ஓர் ஆய்வு அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது. பெரிய நுரைப்பஞ்சுச் சுவரை வழியில் வைத்தபோது வௌவால்கள் நேராகப் போய் அதில் மோதின. அவை அதைக் கவனிக்காமல் இல்லை. சுவர் இருப்பதை உணர்ந்ததற்கான அடையாளம் அவற்றின் குரலில் இருந்தது. பரப்பு அகலமானது, எதிரொலியோ மெலிந்தது. இயற்கையில் அகலமும் உரமும் சேர்ந்தே வரும். பிரிந்து வந்தபோது அவற்றுக்குப் பொருள் விளங்கவில்லை. அளவு என்பது வௌவாலுக்கு ஒரே குறிப்பு அல்ல. சேர்ந்தே வரும் பல குறிப்புகளின் பழக்கம் அது.

பழக்கம் என்றால் எது பிறவியிலேயே வருகிறது, எது பிறகு வருகிறது? ஒலியின் வேகம் பிறவியில் வருகிறது. 2021-ல் வெளியான மற்றோர் ஆய்வில், ஹீலியம் கலந்த காற்றில் வௌவால் குட்டிகளை வளர்த்தார்கள். அதில் ஒலி விரைவாகப் போகும். எதிரொலி முன்னதாக வரும். அந்தக் காற்றிலேயே வளர்ந்த குட்டிகளும் அதற்கு ஏற்பத் தங்களைத் திருத்திக்கொள்ளவில்லை. இலக்கு அருகில் இருப்பதாக நினைத்து முன்னாலேயே இறங்கப் பார்த்தன. ஆனால் எது உண்ணத் தகுந்த அளவு என்பது அனுபவத்தில்தான் வருகிறது போலும். பனாமாவில் தவளைகளின் கூவலைக் கேட்டு வேட்டையாடும் வௌவால்களைப் பற்றி 2025-ல் வெளியான ஆய்வில், முதிர்ந்தவை நச்சுத் தவளைகளின் குரலையும் தூக்க முடியாத அளவு பெரிய தவளைகளின் குரலையும் அதிகம் பொருட்படுத்தவில்லை. இளையவையோ அந்த வேறுபாடு பார்க்காமல் எல்லாக் குரல்களுக்கும் செவிசாய்த்தன. முல்லையின் முதல் இரவுகள் எனக்கு நினைவுக்கு வந்தன.

இதைப் படித்துவிட்டு வௌவாலோடு பழக ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆய்வகத்தில் நாங்கள் எல்லோரும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொண்ட பிறகுதான் உள்ளே நுழைந்தோம். தோல் கையுறை இல்லாமல் யாரும் தொடுவதில்லை. வீட்டுக்குள் வௌவால் வந்துவிட்டால் துடைப்பத்தை எடுக்காதீர்கள். மின்விசிறியை நிறுத்தி, விளக்கை அணைத்து, சன்னல்களைத் திறந்து வைத்துவிட்டு வெளியே வாருங்கள். அது தானாக வழி கண்டுகொள்ளும். கடித்தாலோ கீறினாலோ காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

மே மாதத்தில் பயிற்சி முடிந்தது. முல்லையைப் பெரிய கூண்டில் மற்றவர்களோடு விட்டோம். ‘வௌவால் வீட்டுக்கு வௌவால் வந்தால் நீயும் தொங்கு, நானும் தொங்கு’ என்று ஊரில் சொல்வார்கள். அப்படியே ஒரு மூலையில் நாற்பது பேருக்கு நடுவே போய்த் தொங்கினாள். அங்கே அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சில மாதங்கள் கழித்து என் இடத்துக்குப் புதிய மாணவர் ஒருவர் வந்தார். சிரட்டைப் பெட்டியைத் திறந்து, எந்தெந்த அளவுகள் இருக்கின்றன என்று ஆவலோடு எடுத்துப் பார்த்தார். அவற்றைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி, அவரைக் கழுவுமிடத்துக்கு அழைத்துப் போனேன். அன்று காலை கழற்றிய இரண்டு குழாய்களையும் அவர் கையில் கொடுத்து, முனைகளை விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டும் ஒரே மாதிரி பிசுபிசுத்தன.